நாளும் நேரமும் சொல்லி வந்தவர்கள்

என் மகளுக்கு லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோய் இருப்பது உறுதியான வாரத்தில் எங்களைத் தெரிந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தொலைபேசியில் அழைத்தார்கள். அவளுக்கு அப்போது 4 வயது. அழைத்தவர்கள் அனைவரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித்தான் பேச்சை முடித்தார்கள்: "என்ன உதவி வேணும்னாலும் தயங்காம கேளுங்க." அதை மனதாரச் சொன்னார்கள் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் இல்லை. ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்பது அந்த வாரத்தில் எனக்கே தெரிந்திருக்கவில்லை. மருத்துவர் சொன்னதில் பாதி புரியாமல், கையெழுத்திட்ட தாள்களில் என்ன எழுதியிருந்தது என்பதும் நினைவில் நிற்காமல், குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த எனக்கு, இன்னாரிடம் இன்னதைக் கேட்கலாம் என்று வகுத்துப் பார்க்கத் தெம்பில்லை. நான் யாரையும் திரும்ப அழைக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அழைப்புகள் குறைந்தன. இரண்டாவது மாதத்தில் ஏறக்குறைய நின்றே போயின. சிகிச்சையோ அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மீதமிருந்தது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது, அவளுக்கு வந்த லிம்ஃபோபிளாஸ்டிக் வகை லுக்கீமியாதான். 1940-களின் பிற்பகுதியில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் முதன்முதலாக மருந்து கொடுத்து இந்நோயைச் சில மாதங்களுக்குத் தணித்துக் காட்டும் வரை, நோய் கண்ட குழந்தைகள் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ இறந்துபோனார்கள். இன்று முழுமையான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள். இந்தக் கணக்கை எங்கள் மருத்துவர் முதல் நாளே சொன்னார். அதைப் பற்றிக்கொண்டுதான் நாங்கள் நடந்தோம். ஆனால் அந்தப் பிழைப்பு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும் சிகிச்சையின் வழியாக வருகிறது. முதல் மாதம் வார்டிலேயே கழியும், அடுத்த பல மாதங்கள் வார்டுக்கும் வீட்டுக்கும் இடையே போய்வருவதில் கழியும், பிறகு ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் மாத்திரை; இதைப் பராமரிப்புச் சிகிச்சை என்பார்கள். விபத்து நடந்த வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் எப்படிப் போவது என்று மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டரை ஆண்டுகள் நோய் தங்கியிருக்கும் வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை. எங்களைச் சுற்றி இருந்தவர்களின் அன்பு ஒரு வாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல இருந்தது; அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் இந்நோய் எங்களுக்கு வரும் முன்னர் நானும் அப்படித்தான் போய்வந்திருக்கிறேன்.

முதன்முதலில் சரியாக வந்தவர் எங்களுக்கு நெருக்கமானவர் அல்லர். என் மகனோடு படிக்கும் ஒரு பையனின் தாய். பள்ளி வாசலில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் அளவுக்கே பழக்கம். அவர் அழைத்தபோது, எப்படி இருக்கிறாள் என்று ஒரு முறை கேட்டுவிட்டு நேராகச் சொன்னார்: "செவ்வாய், வியாழன் ரெண்டு நாளும் உங்க பையனை ஸ்கூல்ல இருந்து நானே கூட்டிட்டு வந்துடுறேன். ஏழு மணி வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும். ஹோம்வொர்க்கும் முடிச்சிடுவாங்க. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் இதை நான் பண்றேன், அதனால வாராவாரம் போன் பண்ணிக் கேட்கணும்னு இல்லை." நான் செய்ய வேண்டியிருந்தது சரி என்று சொல்வது மட்டுமே. அந்த ஏற்பாடு பதினான்கு மாதங்கள் நடந்தது. இடையில் ஒரு வியாழக்கிழமை அவருக்கே உடம்பு சரியில்லாமல் போனபோதும், தன் கணவரை அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியை எனக்கு முன்கூட்டியே தெரிவித்தார்.

அவர் சொன்ன அந்த நான்கைந்து வாக்கியங்களைப் பின்னாட்களில் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எந்த நாள், எந்த நேரம், எந்த வேலை, எதுவரை என்பதெல்லாம் அவற்றில் இருந்தன. "வேண்டுமானால் கேளுங்கள்" என்பவர் யோசிக்கும் வேலையைக் களைத்துப்போனவரிடமே விட்டுவிடுகிறார். அதோடு, கேட்பவருக்கு ஒரு கூச்சமும் இருக்கிறது: இது பெரிய உதவியோ, முகம் சுளிப்பாரோ, போன வாரம்தானே கேட்டோம் என்று. நாளும் நேரமும் தாமே சொல்லி வருபவர் அந்தக் கூச்சத்துக்கு இடமே வைப்பதில்லை.

எல்லோரும் அப்படி வரமாட்டார்கள் என்பதால் கேட்கவும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. என் கணவரின் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார். "ஒரு வாரத்துல இந்த வீட்டுல நடக்கிற வேலை எல்லாத்தையும் சொல்லும்மா, நான் எழுதுறேன். சின்ன வேலை, பெரிய வேலைன்னு பார்க்காதே," என்றார். சொல்லச் சொல்ல எழுதினார்: துணி துவைப்பது, மகனின் சீருடையைத் தேய்ப்பது, மருந்துக் கடைக்குப் போவது, காப்பீட்டுப் படிவங்களை நகலெடுப்பது, மகளின் அறையைத் துடைப்பது, மாமனாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போவது, உறவினர்களுக்கு நிலவரம் சொல்வது, வார்டில் என்னை மாற்றிவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது. இருபத்து மூன்று வேலைகள் சேர்ந்தன. பிறகு பேனாவை என்னிடம் கொடுத்து, அம்மா மட்டுமே செய்ய முடிந்தவற்றுக்கு வட்டம் போடச் சொன்னார். நான்கே வட்டங்கள் விழுந்தன. எஞ்சிய பத்தொன்பது வேலைகளையும் அத்தனை நாள் நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததற்கு, என்னைவிட்டால் யாராலும் ஆகாது என்ற எண்ணத்தைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை.

அவற்றில் எங்களுக்கு மிகப் பெரிய நிம்மதியைத் தந்தது, நிலவரம் சொல்லும் பொறுப்பு கைமாறியதுதான். அன்றிலிருந்து குழந்தையின் உடல்நிலை பற்றிய செய்தியை நான் அவருக்கு மட்டும் சொல்வேன்; அவர் மற்ற எல்லோருக்கும் சொல்வார். ஒரே துயரத்தை ஒரே மாலையில் பதினைந்து பேருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொருவர் அழுகையையும் ஆற்றிவிட்டு, அதற்குப் பின் குழந்தையிடம் சிரித்த முகத்தோடு போவது என்பது எவ்வளவு கனமான வேலை என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். சூசன் சில்க் என்ற உளவியலாளரும் பேரி கோல்ட்மன் என்பவரும் 2013-இல் இதற்கு ஓர் எளிய வரைபடம் சொன்னார்கள்: நோயாளியை நடுவில் வைத்து, அவருக்கு எவ்வளவு நெருக்கமோ அந்த வரிசையில் மற்றவர்களைச் சுற்று வட்டங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஆறுதல் உள் வட்டத்தை நோக்கியும் புலம்பல் வெளி வட்டத்தை நோக்கியும் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது முதல் இரண்டு மாதங்கள் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. தூரத்து உறவினர்கள் அழுதார்கள், நான் தேற்றினேன்.

காயப்படுத்திய பேச்சுகளும் இருந்தன. கர்ப்பமாக இருந்தபோது நான் என்ன சாப்பிட்டேன், எந்த மருந்தை எடுத்தேன் என்று விசாரித்தவர்கள் இருந்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்நோய் ஏன் வருகிறது என்பதற்குத் தெளிவான காரணம் சொல்ல முடிவதில்லை; பெற்றோர் செய்த ஒன்றாலோ செய்யத் தவறிய ஒன்றாலோ வருவதில்லை என்பதை மருத்துவர் எங்களிடம் இரண்டு முறை அழுத்திச் சொன்னார். அதை அவர் சொல்லியிராவிட்டால் அந்தக் கேள்விகள் என்னைத் தின்றே தீர்த்திருக்கும். இன்னும் சிலர் தங்கள் குழந்தைகளை எங்கள் வீட்டுப் பக்கம் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள், நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில். லுக்கீமியா யாருக்கும் தொற்றாது. தொற்றைப் பற்றிய அச்சம் உண்மையில் எதிர்த்திசையில் இருக்க வேண்டியது; அவர்களுடைய குழந்தையின் சாதாரணச் சளி எங்கள் குழந்தையை வார்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அதைப் புரிந்துகொண்ட ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் எதிர் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு 6 வயதில் ஒரு மகன். சிகிச்சையின் எட்டாவது மாதத்தில், மகளின் இரத்த அணுக்கள் ஓரளவு ஏறியிருந்ததால், மருத்துவரின் அனுமதியோடு அவளை மாலை வேளைகளில் மாடிப்படியில் விளையாட விட்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை மாலை இருவரும் அரை மணி நேரத்துக்கும் மேலாகப் படிக்கட்டில் உட்கார்ந்து பொம்மைக் கார்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினால் ஐந்து விநாடிகளில் பேசிவிடலாம். ஆனாலும் அக்கா கதவைத் தட்டாமல் தொலைபேசியில்தான் பேசினார். "பையன் முதுகுல ரெண்டு கொப்புளம் பார்த்தேன்மா. அம்மைன்னுதான் நினைக்கிறேன். நேத்து பாப்பாவோட விளையாடினானே. உடனே டாக்டர்கிட்ட சொல்லிடு, விடியட்டும்னு இருக்காதே," என்றார். அவர் குரல் நடுங்கியது.

சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்தே பரவும். கீமோ எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது நுரையீரல், ஈரல் வரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆனால் தொற்று நேர்ந்த செய்தி சீக்கிரம் தெரிந்துவிட்டால் நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கொண்ட ஊசியோ வைரஸை அடக்கும் மருந்தோ கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. அந்த ஊசி எவ்வளவு விரைவாகக் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பலன் தரும். அந்த இரவே வார்டின் அவசர எண்ணை அழைத்தோம், மறுநாள் காலை ஊசி போடப்பட்டது, அடுத்த நான்கு வாரங்கள் அவள் தோலை நாளுக்கு இருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

அக்கா நினைத்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். காலையில் நிச்சயப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டிருக்கலாம். பழி தன் மகன் மேல் விழுமே என்று மறைத்திருக்கலாம். அப்படி மறைப்பது மனித இயல்புதான். எங்களுக்காக எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்கிறார்கள், ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்புக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பா என்று நான் அழுதுவிட்டேன். அதன்பின் அந்த மாடியில் இருந்த நான்கு வீடுகளிலும் ஒரு வழக்கம் உண்டானது: எந்தக் குழந்தைக்காவது காய்ச்சலோ சளியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு வரிச் செய்தி வரும். யாரும் கூடிப் பேசி வைத்த விதி அல்ல அது.

காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்த எல்லை 38 டிகிரி செல்சியஸ். நோயை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 500-க்குக் கீழே இறங்கியிருக்கும் நாட்களில் அந்த எல்லையைத் தொட்டால், வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது வார்டின் கட்டளை. ஆகவே கதவருகே ஒரு பை எப்போதும் தயாராக இருக்கும். மாற்றுடை, சார்ஜர், மருந்துக் குறிப்பு, அவளுடைய முயல் பொம்மை. நடு இரவில் தெர்மாமீட்டர் 38.2 காட்டினால், தூங்கும் மகனை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எதிர் வீட்டு அக்காவிடம் இருந்தது. நாங்கள் அழைத்த பதினோரு இரவுகளிலும் அவர் போர்வையோடு வந்து எங்கள் கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டார். மகன் காலையில் எழுந்து அவரைப் பார்த்ததும், "பாப்பாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுத் தானே பல் துலக்கப் போய்விடுவானாம்.

வார்டில் கிடைத்த துணை வேறு வகையானது. குழந்தையின் கட்டிலருகே பெற்றோருக்கு ஒரு நாற்காலி இருக்கும். இரவில் சாய்த்தால் படுக்கை ஆகும். அந்த நாற்காலி அங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருப்பதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு பல நாடுகளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தையைப் பெற்றோர் பார்க்க வாரத்துக்குச் சில மணி நேரமே அனுமதி இருந்தது. தாய் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராதிருந்தால் அமைதியாக இருக்கிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் எட்டு நாட்கள் தனியாக இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்து, அந்த அமைதிக்குள் எவ்வளவு துயரம் இருக்கிறது என்பதை மருத்துவர்களுக்கே போட்டுக் காட்டினார். 1959-இல் பிரிட்டனில், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்த நேரத்திலும் வரலாம் என்று இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலேயே நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள 1961-இல் அங்கே தாய்மார்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதுகு வலிக்கிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த நாற்காலியை, முகமறியாத பெண்கள் எனக்காகப் போராடி வாங்கி வைத்திருந்தார்கள்.

அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்குள் ஒரு மொழி இருந்தது. "கவுண்ட் எவ்வளவு வந்திருக்கு?" என்பதுதான் அங்கே காலை வணக்கம். அதற்கு அன்றைய இரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சொன்னால் போதும். வீட்டுக்குப் போகலாமா, இன்னும் ஒரு வாரமா, இரத்தம் ஏற்ற வேண்டுமா என்பதெல்லாம் கேட்டவருக்குப் புரிந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்த வாரங்களில் என் மகள் யாரோ ஒரு குழந்தையாக மாறிவிட்டிருந்தாள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்று அழுவாள், கொடுத்ததைத் தட்டிவிடுவாள், என்னைக் கடித்தும் இருக்கிறாள். ஒரு விடியற்காலையில் நான் தாழ்வாரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தபோது, அடுத்த கட்டிலில் இருந்த பையனின் தாய் வந்து என் தோளைத் தொட்டு, "இது உங்க பொண்ணு இல்லைங்க, மாத்திரை பேசுது. நிறுத்தின அஞ்சாறு நாள்ல உங்க பொண்ணு திரும்பி வந்துடுவா. என் பையன் வந்தான்," என்றார். அதையே மருத்துவரும் சொல்லியிருந்தார், நான் கேட்டும் இருந்தேன். ஆனால் "என் பையன் வந்தான்" என்ற மூன்று சொற்களை மருத்துவரால் சொல்ல முடியாது.

முதுகுத்தண்டில் ஊசி போடும் நாளில் குழந்தையை எப்படிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கதை சொல்வது என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். அவள் ஒரு காலை இழுத்து நடப்பதை எனக்கு முன்னால் கவனித்தவரும் அவரே. வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைத் தொடக்கூடியது என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. "நான் சொன்னேன்னு இல்லை, டாக்டர்கிட்ட நடந்து காட்டச் சொல்லுங்க," என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பெற்றோர் கூடுமிடங்களில் கிடைக்கும் அறிவு பெரியது, ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு குழந்தையின் மருந்தளவை இன்னொரு குழந்தைக்கு ஒப்பிடுவதும், எங்கோ கேள்விப்பட்ட மூலிகையைக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்வதும் தீங்கில் முடியும். அவர் ஒருபோதும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. தாண்டியவர்களிடமிருந்து நான் மெல்ல விலகிக்கொண்டேன்.

பெற்றோரே ஒருவருக்கொருவர் துணையாவது என்பது பல நாடுகளில் இப்படித்தான் வார்டுத் தாழ்வாரங்களில் தொடங்கி அமைப்புகளாக வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1970-இல் புற்றுநோய்க் குழந்தைகளின் பெற்றோர் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1994-இல் பல நாட்டுப் பெற்றோர் அமைப்புகள் ஒன்றுகூடி உலகளாவிய கூட்டமைப்பை உருவாக்கின. ஆண்டுதோறும் பிப்ரவரி 15-ஆம் நாள் குழந்தைகளின் புற்றுநோய்க்கான நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது அவர்கள் முயற்சியால்தான். எங்கள் வார்டில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடும் பெற்றோர் வட்டத்துக்கு நான் ஐந்து மாதங்கள் போகாமலே இருந்தேன். மற்றவர்களின் துயரத்தையும் கேட்க எனக்குச் சக்தி இல்லை என்று நினைத்தேன். ஆறாவது மாதம் என் கணவர் போனார். அதுவரை யாரிடமும் வாய் திறக்காமல் இருந்தவர், அங்கே இன்னொரு தகப்பனோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விடுப்பு விதிகளைப் பற்றியும் வாகனம் நிறுத்தும் இடத்தைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து முதன்முறையாக என் முன்னால் அழுதார். சிலருக்குப் பேச்சு அந்தச் சுற்றுவழியாகத்தான் வருகிறது போலும்.

என் மகனைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது. அவனுக்கு அப்போது 9 வயது. எங்களுக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காத பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவனுடைய வகுப்பாசிரியை என்னை அழைத்து, "அவன் ரொம்ப அமைதியா இருக்கான்மா. அமைதியா இருக்கிறதுனால நல்லா இருக்கான்னு நினைச்சுடாதீங்க," என்றார். அவன் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், தங்கையைத் தான் ஒருமுறை தள்ளிவிட்டதால்தான் அவளுக்கு இரத்தத்தில் நோய் வந்ததா என்று எழுதி, அதை அடித்தும் வைத்திருந்தான். ஆசிரியை அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். எட்டு மாதங்களாக அந்தக் கேள்வியை அவன் தனியாகச் சுமந்திருக்கிறான். அன்று மாலை அவனைத் தனியாக அழைத்து, நோய் எப்படி வருவதில்லை என்பதை மருத்துவர் எனக்குச் சொன்ன அதே சொற்களில் சொன்னேன். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் சிலர், என் கணவரின் அக்கா சொல்லித்தான் என்று பின்னர் அறிந்தேன், உள்ளே நுழைந்ததும் முதலில் அவனிடம் போய் அவனைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். ஒருவர் மாதம் ஒருமுறை அவனை மட்டும் வெளியே அழைத்துப் போவார். அங்கே தங்கையைப் பற்றி அவனாகப் பேசினால் கேட்டுக்கொள்வார், தாமாகப் பேச்செடுக்க மாட்டார்.

நாங்கள் பயந்து விலக்கிவைத்த உதவி ஒன்றும் உண்டு. வலி மற்றும் துயர் தணிப்புக் குழுவைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் முதல் மாதத்திலேயே எங்களைச் சந்திக்க விரும்பினார். அந்தப் பெயரைக் கேட்டதும், மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து நான் அவரைப் பார்க்க மறுத்தேன். குழந்தைகளுக்கான துயர் தணிப்பு, நோய் கண்டறியப்படும்போதே தொடங்கி, நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் கூடவே தொடர வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அது தெரியாமல் நான்கு மாதங்களை வீணாக்கினேன். கடைசியில் மகளின் வாய்ப்புண் வலியையும் தூக்கமின்மையையும் சமாளிக்க வழி சொன்னவர் அவர்தான். இந்த விஷயத்தில் மட்டும் இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நேராகவே சொல்கிறேன்: அவர்கள் வந்தால் கதவைத் திறங்கள், அவர்கள் வருவதற்கு நீங்கள் நினைக்கும் பொருள் இல்லை.

தாழ்வாரத்தில் என் தோளைத் தொட்ட அந்தத் தாயின் மகனுக்கு, பராமரிப்புச் சிகிச்சையின் நடுவில் நோய் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு அவன் இறந்துபோனான். 7 வயது. வார்டில் இருந்த எங்களில் பலர் அவரிடமிருந்து ஒதுங்கிக்கொண்டோம். சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஆனால் என் உள்ளத்தில் இருந்தது அச்சம், அவர் வீட்டு வாசலில் நின்றால் அது என் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்பதைப் போன்ற அச்சம். லுக்கீமியா தொற்றும் என்று எங்களைத் தவிர்த்தவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றோடு தீர்ந்துபோனது. ஆறு வாரங்களுக்குப் பிறகு, எதிர் வீட்டு அக்காதான் என்னைப் போகச் சொன்னார். நான் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், அவர் மகன் என் மகளுக்கு வார்டில் காகிதக் கப்பல் செய்யக் கற்றுக்கொடுத்ததைப் பெயர் சொல்லிச் சொன்னேன். "ஒன்றரை மாசமா யாருமே அவன் பேரைச் சொல்லலைங்க," என்றார் அவர்.

என் மகளின் சிகிச்சை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மாத்திரை கொடுத்த நாளில் எல்லோரும் வாழ்த்தினார்கள், அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். எனக்கோ அந்த வாரத்தில்தான் தூக்கம் முற்றிலும் போனது. மருந்து கொடுத்துக்கொண்டிருந்த வரை கையில் ஒரு வேலை இருந்தது. நிறுத்திய பின் காத்திருப்பது மட்டுமே மிச்சம். அதை அறிந்து அழைத்தவர் ஒருவரே, மகனை இழந்த அந்தத் தாய். அவர் எங்கள் பரிசோதனை நாட்களைக் குறித்து வைத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முதல் இரண்டு முறை, நல்ல எண்களை அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். மூன்றாம் முறை, "நீங்க மறைக்கிறீங்கன்னு தெரியும். எனக்கு அந்த நம்பர் வேணுங்க," என்றார்.

சென்ற வியாழக்கிழமையும் மாலை ஆறு மணிக்குச் சரியாக அழைத்தார். "கவுண்ட் எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அந்த எண்ணை அவர் தமக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொண்டார். பிறகு என் மகனின் பரீட்சை எப்போது என்று விசாரித்தார்.